ஃபார்வர்டு போட்டாச்சு, போனை எடுப்பது யார்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கத்துத் தோல் ஊர்களில் ஷூ கம்பெனியானாலும் டேனரியானாலும் ஓர் ஏற்பாடு மாறுவதே இல்லை. வாசலைத் தாண்டியதும் ஒரு மேசை, அதன்மேல் ஒரு போன், பின்சுவரில் தூசி படிந்த இபிஏபிஎக்ஸ் பெட்டி, அதாவது வரும் அழைப்பை உள்ளே இருக்கும் போன்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி. ஆர்டர் மெயிலில் வருகிறது, அவசரம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆனால் சரக்கு சென்னைத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் ஏஜென்ட் இன்றைக்கும் போர்டு நம்பருக்குத்தான் அடிக்கிறார். அந்த அழைப்பை வேறு இடத்துக்குத் திருப்புவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பதில் தருபவர் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இந்தப் பெட்டிகளைப் பொருத்தியும் பழுது நீக்கியும் பிழைப்பவர். அவருக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

கேள்வி: வெள்ளிக்கிழமைகளில் போன் செய்தால் யாருமே எடுப்பதில்லை என்று ஜெர்மனி பையர் குறை சொல்கிறார். மாலை 6 மணிக்கு மேல் மேனேஜர் செல்லுக்குப் போகும்படி நைட் மோட் வைத்திருக்கிறோம். பெட்டியில் கோளாறா?
– ஷூ ஏற்றுமதி அலுவலக நிர்வாகி, ஆம்பூர்

பதில்: பெட்டி நன்றாக இருக்கிறது. நீங்கள் ஆம்பூர் கடிகாரத்தை மட்டும் பார்த்து அதற்கு நேரம் வைத்திருக்கிறீர்கள்.

மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். அங்கே காலை 9 மணிக்கு ஆபீஸ் திறந்து முதல் போனைப் போட்டால் கோடையில் இங்கே பகல் 12.30. வெள்ளிக்கிழமை 12.30க்கு ஆம்பூரில் எந்த அலுவலகத்தில் ஆள் இருக்கிறது? பாதிப் பேர் ஜும்மாவுக்குக் கிளம்பியிருப்பார்கள், மீதிப் பேர் சாப்பாட்டுக்கு. பையர் வாரம் தவறாமல் சரியாக அந்த நேரத்தில் அடிக்கிறார், உங்கள் பெட்டியோ மாலை 6 மணிக்குக் காத்திருக்கிறது.

இன்று விற்கும் பெரும்பாலான பெட்டிகளில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி நேர அட்டவணை போடலாம். பகல், மதிய இடைவேளை, இரவு என்று குறைந்தது மூன்று மோட் இருக்கும். வெள்ளிக்கு மட்டும் மதிய மோடை 12.15 முதல் 2.30 வரை நீட்டுங்கள். அந்த மோடில் ‘எல்லா அழைப்பும்’ என்ற ஃபார்வர்டைப் போடக் கூடாது. அதைப் போட்டால் மேசையில் ஆள் இருந்தாலும் மணி அடிக்காது. ‘எடுக்காவிட்டால்’ என்பதைப் போட வேண்டும். எத்தனை நொடி? நம் நாட்டு மணி ட்ரிங்-ட்ரிங் என்று இரட்டையாக அடித்து ஓயும் ஒரு சுற்றுக்கு 3 நொடி. 12 நொடி வைத்தால் நான்கு மணி. பெட்டியோடு வந்த 30 நொடியை அப்படியே விட்டுவைக்கும் அலுவலகங்கள்தான் அதிகம். பத்து மணி அடிக்கும்வரை காத்திருக்கும் பையர் எவரும் இல்லை.

இரவுக்கும் இதே கணக்குதான். ஜெர்மனியில் மாலை 5 என்றால் கோடையில் இங்கே இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. இங்கிலாந்துக்காரருக்கு அதன்மேல் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணியாகும்போது இங்கே மாலை 6.30 அல்லது 7.30. இவ்வளவையும் ஒரு மேனேஜர் தலையில் கட்டினால் இரண்டாவது மாதம் அவர் செல்லை சைலன்டில் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘டியூட்டி செல்’ என்று ஒரே ஒரு கைபேசியை வாங்கி அந்த எண்ணைப் பெட்டியில் ஒருமுறை ஏற்றிவிடுங்கள். முறை மாறும்போது செல் கைமாறட்டும், புரோகிராம் மாற வேண்டாம். வாராவாரம் எண்ணை மாற்றும் அலுவலகத்தில் என்றோ வேலையை விட்டுப் போனவரின் செல்லுக்கு அழைப்பு போய்க்கொண்டிருக்கும். அவர் இப்போது உங்களோடு போட்டி போடும் கம்பெனியில் இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

பெட்டியின் கடிகாரத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் தேதி தவறும். வெள்ளி அட்டவணை புதன்கிழமை வேலை செய்யும்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு லைன். முதலாளி செல்லுக்கு ஃபார்வர்டு போட்டதிலிருந்து எங்கள் நம்பர் எப்போதும் பிஸி என்கிறார்கள். சில நாள் விடியும்வரை பிஸி.
– டேனரி கணக்காளர், பேரணாம்பட்டு

பதில்: ஒரு லைனில் வரும் அழைப்பைச் செல்லுக்கு அனுப்பப் பெட்டி இன்னொரு லைனைப் பிடிக்கிறது. இரண்டு லைனில் இரண்டும் போயாயிற்று. முதலாளி ஒருவரோடு பேசி முடிக்கும்வரை மற்ற எல்லோருக்கும் பிஸிதான். அவர் எவ்வளவு நேரம் பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும்.

விடியும்வரை பிஸி என்பது வேறு வியாதி. சாதாரண அனலாக் லைனில் இரு பக்கமும் போனை வைத்துவிட்டார்கள் என்பது பெட்டிக்குத் தானாகத் தெரியாது. எக்ஸ்சேஞ்ச் மின்துருவத்தை மாற்றிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பிஸி டோனைக் கேட்டுப் பெட்டியே புரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் இரண்டு லைனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரவு முழுக்கத் தொங்கும். மூன்று காரியம் செய்யுங்கள். பிஸி டோன் கண்டறிதலை ஆன் செய்யுங்கள். லைனுக்கு லைன் பேசும் நேரத்துக்கு 10 அல்லது 15 நிமிட வரம்பு வையுங்கள். மூன்றாவது, ஃபார்வர்டு வேலையைப் பெட்டியிடம் கொடுக்காமல் தொலைபேசி நிறுவனத்திடமே கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்சிலேயே திருப்பினால் அழைப்பு உங்கள் கட்டடத்துக்குள் வராது, லைனும் செலவாகாது. திருப்பிய அழைப்புக்கான கட்டணம் மட்டும் உங்கள் பில்லில் வரும்.

வியாபாரம் வளர்ந்திருக்கிறது, லைன் இன்னும் இரண்டுதான் என்றால் பெட்டியை நோவதில் அர்த்தமில்லை. இன்டர்நெட் வழியாக ஒரே நேரத்தில் பல அழைப்புகளைத் தரும் சிப் டிரங்க் எடுங்கள், அல்லது பெட்டியில் ஜிஎஸ்எம் கார்டு ஒன்று போட்டு வெளியே போகும் அழைப்பைச் சிம் வழியாக விடுங்கள்.

கேள்வி: ஃபார்வர்டு ஆகி வரும் அழைப்பில் வாடிக்கையாளர் எண் தெரியாமல் எங்கள் அலுவலக எண்ணே வருகிறது. ஏன்?
– தோல் கெமிக்கல் விற்பனையாளர், வாணியம்பாடி

பதில்: பெட்டி தன் லைனிலிருந்து உங்களுக்குப் புதிதாக ஒரு போன் போடுகிறது, அதனால் அலுவலக எண்தான் வரும். எக்ஸ்சேஞ்சில் திருப்பினால் பெரும்பாலும் வாடிக்கையாளர் எண் வரும். மேலே உள்ள பதிலைப் படிக்கவும்.

கேள்வி: பழைய பெட்டியை கோடவுனிலிருந்து எடுத்து மாட்டினோம். இன்டர்காம் வேலை செய்கிறது. செல்லுக்கு ஃபார்வர்டு மட்டும் போகவில்லை. 2019இல் நன்றாகப் போன அதே எண்தான்.
– ஷூ மேற்பாகத் தையல் யூனிட், மேல்விஷாரம்

பதில்: எண்ணுக்கு முன்னால் 0 போடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல்லுக்குப் பேசினாலும் முன்னால் 0 வேண்டும். உங்கள் பெட்டி அதற்கு முன்பே தூங்கப் போய்விட்டது. வெளி லைன் எடுக்கவும் 0 என்று வைத்திருந்தால் இரண்டு 0 வரும். அது தப்பில்லை.

இன்னொன்று. இப்போது உங்கள் லைன் ஃபைபரில் வருகிறது என்றால் மோடமும் பெட்டியும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது, கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் அது கிடையாது.

கேள்வி: எங்கள் லாட்ஜில் இரவு 11 மணிக்கு மேல் ரிசப்ஷனில் ஆள் இல்லை. ரிசப்ஷனுக்கு வரும் எல்லா அழைப்பையும் காட்பாடியில் உள்ள மேனேஜர் செல்லுக்குத் திருப்ப என்ன கோடு?
– லாட்ஜ் உரிமையாளர், காந்தி ரோடு, வேலூர்

பதில்: கோடு பெட்டியின் கையேட்டில் இருக்கிறது. நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் லாட்ஜில் தங்குபவர்கள் யார்? சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஊர் தெரியாது. அறுவை சிகிச்சை முடிந்து ரூமில் படுத்திருப்பவருக்கு இரவு 2 மணிக்கு மூச்சுத் திணறினால் பக்கத்தில் இருப்பவர் கட்டிலோரப் போனை எடுத்து ரிசப்ஷனை அழைப்பார். ‘எல்லா அழைப்பும்’ என்று நீங்கள் திருப்பி வைத்திருந்தால் அது பாலாற்றைத் தாண்டி, காட்பாடியில் தூங்கும் மேனேஜரின் தலையணைக்கடியில் அடிக்கும். அவர் எடுத்தாலும் அங்கிருந்து என்ன செய்வார்?

பல பெட்டிகளில் வெளியிலிருந்து வரும் அழைப்புக்கும் உள்ளே ரூமிலிருந்து வரும் அழைப்புக்கும் ஃபார்வர்டைத் தனித்தனியாகப் போடலாம். வெளி அழைப்பு மேனேஜருக்குப் போகட்டும், அது ரூம் கேட்டு விசாரிப்பதாகத்தான் இருக்கும். ரூம் அழைப்பு கட்டடத்தைவிட்டு வெளியே போகவே கூடாது. வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு போன் வைத்து அதில் அடிக்கவிடுங்கள். வாட்ச்மேன் எழுந்து மாடி ஏறக்கூடியவராகவும் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உங்கள் லாட்ஜில் 108ஆம் நம்பர் ரூம் உண்டா? நிச்சயம் இருக்கும், முதல் மாடியில். அந்த ரூமின் இன்டர்காம் எண்ணும் 108தானே? ஆம்புலன்ஸுக்காக ஒருவர் பதறிப்போய் 108 அடித்தால் முதல் மாடியில் தூங்கும் இன்னொரு நோயாளி எழுந்து ‘ஹலோ’ என்பார். 101 அடித்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் பதில் படிக்கட்டுக்குப் பக்கத்து ரூம். 112 அடித்தால் மாடிக் கோடி ரூம். அந்த ரூம் பூட்டியிருந்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆம்புலன்ஸ்காரர்கள் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இவர் காத்திருப்பார். இதைச் சொன்னால் லாட்ஜ்காரர்கள் முதலில் சிரிக்கிறார்கள். ரிசப்ஷன் போனை எடுத்து 108 அடித்துப் பார்க்கச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் மார்ஷல் ஊரில், கேரி ஹன்ட் என்ற பெண் ஓட்டல் அறையில் தாக்கிக் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறைப் போனிலிருந்து 911க்கு நான்கு முறை அடித்தாள். போகவில்லை. அந்த ஓட்டலில் வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும். அது குழந்தைக்கு எப்படித் தெரியும்? கேரியின் தந்தை விடாமல் போராடியதில் 2018இல் மகளின் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு நிறுவும் எந்த அலுவலகப் பெட்டியிலும் முன்னெண் எதுவும் இல்லாமல் நேராக 911 போக வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

இங்கே அப்படி ஒரு சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வேலை அரை நாள்கூட ஆகாது. இன்டர்காம் எண்கள் எதுவும் 1இல் தொடங்க வேண்டாம். முதல் மாடி 2108, இரண்டாம் மாடி 2208 என்று நான்கு இலக்கமாக்கிவிடுங்கள், ரூம் எண் கதவில் பழையபடியே இருக்கலாம். 100, 101, 108, 112 நான்கையும் அவசர எண் பட்டியலில் ஏற்றுங்கள். அப்படி ஏற்றிய எண்கள் 0 இல்லாமலும் போகும், எஸ்டிடி பூட்டுப் போட்ட போனிலிருந்தும் போகும். பிறகு உண்மையிலேயே ஒருமுறை அடித்து, சோதனை அழைப்பு என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

டேனரி முதலாளிகள் இது லாட்ஜுக்கு மட்டும் என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உங்கள் கேட் போனில் வெளி அழைப்பே போகாதபடி பூட்டுப் போட்டிருக்கிறீர்கள், வாட்ச்மேன் சொந்த ஊருக்குப் பேசிப் பில் ஏற்றுகிறார் என்று. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அந்த விபத்துக்குப் போன் காரணமில்லை. ஆனால் ஆலைகளில் ஆபத்து ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை. அந்த நேரத்தில் விழித்திருப்பவர் கேட்டில் இருப்பவர் ஒருவர்தான், அவர் கையில் இருக்கும் போனோ 108க்குப் போகாத போன். பில்லுக்குப் பயந்தால் மாதத்துக்கு இவ்வளவு நிமிடம் என்று வரம்பு வையுங்கள். அவசர எண்ணைப் பூட்டாதீர்கள்.

கேள்வி: கூரியரிலிருந்து பேசுவதாக ஒருவர் போன் செய்தார். பார்சல் வர வேண்டுமென்றால் *401 என்று தொடங்கும் ஓர் எண்ணை அடிக்கச் சொன்னார். அலுவலகச் செல்லில் பையன் அடித்துவிட்டான். அன்றிலிருந்து தூக்கமில்லை.
– தோல் பொருள் ஏற்றுமதியாளர், ராணிப்பேட்டை சிப்காட்

பதில்: பயப்படாதீர்கள், பையனையும் திட்டாதீர்கள். படித்தவர்களே ஏமாறும் வித்தை இது. அந்த எண்ணை அடித்ததும் உங்கள் அழைப்புகள் எல்லாம் மோசடிக்காரன் செல்லுக்குப் போகும். பிறகு உங்கள் வாட்ஸ்அப்பையோ வங்கிக் கணக்கையோ திறக்க முயன்று, குரல் அழைப்பில் ஓடிபி கேட்பான். அந்த அழைப்பும் அவனுக்கே போகும்.

உடனே அந்தச் செல்லில் *#21# அடித்துப் பாருங்கள், எங்கே திருப்பியிருக்கிறது என்று திரையில் வரும். ##002# அடித்தால் எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும். உங்கள் சிம்மில் இந்தக் கோடு எடுக்காவிட்டால் அந்த சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு இன்னொரு போனிலிருந்து பேசி ரத்து செய்யச் சொல்லுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930க்கு அடியுங்கள், தாமதிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குப் பின் எண் வைத்துவிட்டால் ஓடிபி மட்டும் கிடைத்தவனால் உள்ளே நுழைய முடியாது.

இந்த *401 மோசடி பெருகியதால்தான், யூஎஸ்எஸ்டி வழியாக, அதாவது இப்படிக் கோடு அடித்து, ஃபார்வர்டு போடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை எல்லா நிறுவனங்களுக்கும் எழுதியது. மோசடிக்காரர்களோ கோடுகளை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். போனில் யார் எந்த எண்ணை அடிக்கச் சொன்னாலும் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிறர் அழைப்பைத் திருப்பிக்கொள்ளும் ஆசை புதிதும் அல்ல. அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தனக்கு வரும் அழைப்புகளை எக்ஸ்சேஞ்ச் பெண் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறாள் என்று சந்தேகப்பட்டாராம். அந்தக் கோபத்தில் ஆபரேட்டரே வேண்டாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891இல் காப்புரிமை வாங்கினார் என்று ஒரு கதை தொலைபேசிக்காரர்களிடம் உண்டு. கதை எப்படியோ, காப்புரிமை உண்மை. ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுகள் நம் ஊர்களிலும் வெகுகாலம் ஓடின.

கேள்வி: அலுவலக லேண்ட்லைன் எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்க முயல்கிறோம். சரிபார்ப்பு அழைப்பு வருகிறது, கோடு கேட்பதில்லை.
– காலணிக் கடை, வேலூர் லாங் பஜார்

பதில்: ‘வணக்கம், எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்’ என்று உங்கள் பெட்டி வாட்ஸ்அப் இயந்திரத்திடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் வரவேற்புக் குரலை நிறுத்தி, லைனை நேராக ஒரு போனில் அடிக்கவிட்டு எடுத்துக் கேளுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு வரும் அழைப்பு இபிஏபிஎக்ஸ் வழியாக ஃபார்வர்டு ஆகாது. அடுத்த கடிதம் அதைக் கேட்டுத்தான் வரும் என்பதால் முன்கூட்டியே பதில்.

கேள்வி: ‘பிஸியாக இருந்தால் ஆபீசுக்குத் திருப்பு’ என்று சுண்ணாம்பு யார்டு போனுக்குப் போட்டிருக்கிறோம். யாரும் பேசாத நேரத்திலும் அழைப்பு ஆபீசுக்கே வருகிறது. போனை மூன்று முறை மாற்றிவிட்டோம்.
– டேனரி சூப்பர்வைசர், வாணியம்பாடி

பதில்: போனை ஏன் மாற்றினீர்கள்? சுவரில் போன் கம்பி வந்து சேரும் ரோஸட் பெட்டியைத் திறந்தீர்களா? திறந்திருந்தால் உள்ளே செம்பு கன்னங்கரேல் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

முடி நீக்கச் சோடியம் சல்பைடு கலக்கும் இடம் அது. அங்கிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும், தரையில் எப்போதும் ஈரம் வேறு. இணைப்பில் ஈரமும் உப்பும் சேர்ந்து இரு கம்பிக்கும் இடையே மின்சாரம் கசிந்தால், யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று பெட்டி நினைக்கும். பெட்டியைப் பொறுத்தவரை அந்த போன் பிஸி. நீங்கள் சொல்லிவைத்தபடி அது ஆபீசுக்குத் திருப்புகிறது. பாவம், அது கீழ்ப்படிகிறது.

ஜெல்லி நிரப்பிய கேபிள் போடுங்கள். இணைப்புகளை யார்டுக்குள் வைக்காமல் வெளிச் சுவரில், தண்ணீர் புகாத பெட்டியில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். கறுத்த முனையைச் சுரண்டிப் பளபளப்பாக்கித் திரும்ப முறுக்குவது இரண்டு மாதம் தாங்கும். வெட்டிவிட்டுப் புதுக் கம்பியில் இணையுங்கள். போன் இணைப்பைக் கறுக்க வைக்கும் காற்றைத்தான் அங்கே வேலை செய்பவர்கள் மூச்சாக இழுக்கிறார்கள் என்பதையும் முதலாளியிடம் சொல்லுங்கள். அது போன்காரர் வேலையில்லை என்பார்கள். சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக்கு யாருமே பேசவில்லை. ஞாயிறு இரவு மட்டும் நீளமான ஐஎஸ்டி அழைப்புகள் பில்லில் வந்திருக்கின்றன. எக்ஸ்சேஞ்சில் தப்பா?
– தோல் ஆடை ஏற்றுமதி யூனிட், ராணிப்பேட்டை

பதில்: தப்பு உங்களுடையது. சிஸ்டம் பாஸ்வேர்டு 1234தானே? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் அதுதான்.

வெளியே இருந்து டயல் செய்து உள்ளே நுழைந்து, ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு வெளிநாட்டு எண்ணை ஃபார்வர்டு போட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த எக்ஸ்டென்ஷனைக் கூப்பிட்டால் போதும், உங்கள் செலவில் உலகம் முழுக்கப் பேசலாம். வாரக் கடைசியில் செய்வார்கள், திங்கள் காலை வரை கேட்க ஆளில்லை என்று தெரியும். வெளியிலிருந்து ஃபார்வர்டை மாற்றும் வசதியை மூடுங்கள். டிசா வழியாக, அதாவது வெளியிலிருந்து டயல் செய்து பெட்டிக்குள் நுழைபவர் எக்ஸ்டென்ஷனோடு மட்டும் பேசட்டும், வெளி லைன் எடுக்கக் கூடாது. ஃபார்வர்டு ஆகும் அழைப்புக்கு ஐஎஸ்டி அனுமதி கொடுக்கவே வேண்டாம். ஐஎஸ்டியே வேண்டாம் என்றால் தொலைபேசி நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து லைனிலேயே மூடிவிடுங்கள். பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள், 4321 வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட்டில் வரும் அழைப்பை லோக்கல் சிம் வழியாக யாருக்கும் திருப்பித் தரும் பெட்டி ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடை உங்களுக்கே தெரியும். அது அனுமதியில்லாத எக்ஸ்சேஞ்ச். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

கேள்வி: போர்டு நம்பரை எடுக்காவிட்டால் மேனேஜர் செல்லுக்குப் போகும். மேனேஜர் தன் செல்லை எடுக்காவிட்டால் போர்டு நம்பருக்கு வரும்படி வைத்திருக்கிறார். இரவில் இரண்டும் மாறி மாறி அடிக்கின்றன.
– பெல்ட், பர்ஸ் தயாரிப்பாளர், ஆம்பூர்

பதில்: இருவரும் அடுத்தவர் எடுப்பார் என்று நம்பியிருக்கிறீர்கள். பெட்டி ஒவ்வொரு முறையும் புதிதாக டயல் செய்வதால், இது சுற்றிக்கொண்டிருக்கிறது என்று செல் நிறுவனத்துக்கும் தெரியாது. மேனேஜர் தன் செல்லில் போட்ட ஃபார்வர்டை எடுத்துவிடட்டும். கடைசியாகப் போகும் இடத்தில் ஃபார்வர்டு எதுவும் இருக்கக் கூடாது. செல் அணைந்திருந்தால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற குரலை, யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே அனலாக் லைனில் உள்ள பெட்டி எடுத்துக்கொள்ளும், அடுத்த எண்ணுக்குப் போகாது. ஆகவே அந்தச் செல் எப்போதும் சார்ஜில் இருக்க வேண்டும்.

கேள்வி: எந்த அழைப்பும் தனக்குத் தவறிப்போகக் கூடாது என்கிறார் முதலாளி. பன்னிரண்டு எக்ஸ்டென்ஷனையும் அவர் செல்லுக்கே திருப்பச் சொல்கிறார். செய்யலாமா?
– அலுவலக உதவியாளர், திருப்பத்தூர்

பதில்: செய்துகொடுங்கள். ஒரு வாரத்தில் அவரே அந்த ஃபார்வர்டை எடுத்துவிடச் சொல்வார்.

அடுத்த இதழுக்கு எழுதுபவர்கள் பெட்டியின் மாடல் எண், லைன் எத்தனை, அனலாக்கா ஃபைபரா, ஜிஎஸ்எம் கார்டு உண்டா என்பதைக் கட்டாயம் குறிப்பிடவும். பெட்டியின் பாஸ்வேர்டை எழுத வேண்டாம். இந்த முறையும் சிலர் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் அதை உடனே மாற்றிவிடவும்.